மூன்று வாரக் கெடு

பெர்லின் நகரத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடை. அதில் காஷியராக ஓர் அம்மாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, முப்பத்தோரு வருஷம்! 1977-ல் வேலைக்குச் சேர்ந்தவர். நடுவில் கிழக்கு ஜெர்மனி என்ற தேசமே மறைந்து போயிற்று, கடைக்கு முதலாளி மாறினார், பணம் மாறிற்று. இந்த அம்மாள் மட்டும் கல்லாப்பெட்டியை விட்டு நகரவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலிப் பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய முன்பணத்துக்கு ஒரு சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டைக் கல்லாவில் நீட்டிப் பில்லில் கழித்துக் கொள்ளலாம். யாரோ தவற விட்டுப் போன இரண்டு சீட்டுகளை, தாம் சாமான் வாங்கியபோது இந்த அம்மாள் கழித்துக் கொண்டுவிட்டார் என்று குற்றச்சாட்டு. ஒரு சீட்டு 48 சென்ட். மற்றொன்று 82 சென்ட். ஆக மொத்தம் 1 யூரோ 30 சென்ட். நம் கணக்கில் நூறு ரூபாயைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இது நடந்தது 2008 ஜனவரியில். கம்பெனி முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் ஒரேயடியாக அவர் சீட்டைக் கிழித்து விட்டது.

பத்திரிகைகளில் 'எம்மெலி' என்ற பெயரில் பிரசித்தமான வழக்கு இது. முதல் கோர்ட்டில் அம்மாளுக்குத் தோல்வி. அப்பீலிலும் தோல்வி. கடைசியில் எர்ஃபுர்ட் நகரத்தில் இருக்கும் தொழில் வழக்குகளுக்கான தலைமைக் கோர்ட்டு 2010 ஜூன் 10-ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. சீட்டை எடுத்துக் கொண்டது தப்புத்தான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சிறுகச் சிறுகச் சேர்த்த நம்பிக்கை, ஒரே ஒரு தடவை செய்த தப்பினால் முழுவதும் கரைந்து போய்விடாது. கண்டித்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தால் போதும் என்றார்கள். எம்மெலி திரும்பக் கடைக்கு வேலைக்குப் போனார்.

"அதெல்லாம் சரி, நஷ்ட ஈடு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? தீர்ப்பில் அவருக்குக் கிடைத்தது நஷ்ட ஈடு அல்ல, வேலை! ஜெர்மானியச் சட்டத்தின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளும் பெண்களும் மாப்பிள்ளைகளும் இன்று முனிச்சிலும் ஸ்டுட்கார்ட்டிலும் பிராங்க்பர்ட்டிலும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். "அங்கே வேலையை விட்டு எடுத்தால் பை நிறையப் பணம் கொடுத்துத்தான் அனுப்புவார்களாம்" என்று கல்யாண வீடுகளில் பேச்சு அடிபடுகிறது. பாதி நிஜம். மீதிப் பாதியை நம்பிச் சும்மா உட்கார்ந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

நிஜம் என்ன? வேலையிலிருந்து நீக்கினால் நஷ்ட ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஜெர்மனியில் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. 1920-ல் வந்த பழைய சட்டத்தில், வழக்கில் ஊழியர் ஜயித்தாலும் முதலாளிக்கு இரண்டு வழி இருந்தது: ஆளைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம், அல்லது பணத்தைக் கொடுத்து வாசலைக் காட்டலாம். 1951-ல் வந்த வேலைநீக்கப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தலைகீழாக்கிற்று. தகுந்த காரணம் இல்லாத வேலைநீக்கம் செல்லவே செல்லாது. உத்தியோகம் அறுபடாமல் தொடர்கிறது என்று அர்த்தம். சட்டம் காப்பாற்றுவது நாற்காலியை, பணத்தை அல்ல.

பின்னே அத்தனை பேருக்குப் பணம் எப்படிக் கிடைக்கிறது? முதலாளிக்கு ஏற்படும் பயத்தினால்! வழக்கு ஒரு வருஷம் நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முடிவில் நீக்கியது செல்லாது என்று தீர்ப்பானால், வேலையே வாங்காத அந்த ஒரு வருஷத்துக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். (நடுவில் ஊழியர் வேறிடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக் கொள்வார்கள்.) அதற்கு மேல், வேண்டாம் என்று அனுப்பிய ஆளே மறுநாள் காலையில் வந்து "வணக்கம்" சொல்லி எதிரே உட்காருவார். இந்தச் சங்கடத்துக்கு ஆளாவதை விட, ஒரு தொகையைக் கொடுத்து விஷயத்தை முடித்துக் கொள்ளலாம் என்று முதலாளியே முன்வருகிறார். இந்தப் பணத்துக்கு அங்கே 'ஆப்பிண்டுங்' என்று பெயர்.

ஆனால் முதலாளிக்குப் பயம் வர வேண்டுமானால் ஊழியர் வழக்குப் போட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் மூன்று வாரக் கெடு.

வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழில் கோர்ட்டில் பிராது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால்? எவ்வளவு அநியாயமான வேலைநீக்கமானாலும், ஆதி நாளிலிருந்தே அது செல்லுபடியானது என்று சட்டம் வைத்துக் கொள்ளும். கம்பெனியாரோடு பேசிக் கொண்டிருக்கிறேன், மானேஜர் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் கெடுவை ஒரு நாள் கூட நீட்டிக்காது. இருபத்திரண்டாவது நாள் மானேஜருடைய குரலே மாறிவிடும். பணம் கொடுக்க அவருக்கு இனி என்ன அவசியம்?

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடிதம் "கைக்கு வந்தது" என்றால், உறையைப் பிரித்துப் படித்தது என்று அர்த்தமல்ல. வீட்டு வாசல் தபால் பெட்டியில் போட்டு, வழக்கமாகப் பெட்டி திறக்கும் நேரம் தாண்டினால் வந்து சேர்ந்ததாகவே கணக்கு. பிள்ளை லீவு எடுத்துக் கொண்டு தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்கு வந்திருக்கிறான்; கடிதம் முனிச்சில் பெட்டிக்குள் கிடக்கிறது; நாட்கள் ஓடிக் கொண்டிருக்கின்றன! எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் கெடுவுக்குள் வழக்குப் போட முடியாமல் போயிற்று என்று காட்டினால், தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். தடை நீங்கியதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அந்த மனுவும் போட வேண்டும். ஊர் திரும்பியதும் பெட்டியைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது உத்தமம்.

கடிதம் என்றேன் அல்லவா? அது காகிதத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்ட நிஜக் கடிதமாக இருக்க வேண்டும். 2000-ம் வருஷம் முதல் சட்டம் அப்படி. ஆத்திரத்தில் மானேஜர் "வெளியே போ!" என்று கத்தினால் அது வேலைநீக்கம் ஆகாது. மின்னஞ்சல் ஆகாது, வாட்ஸப் செய்தி ஆகாது. ஊழியர் தாமாக விலகுவதற்கும் இதே விதிதான். கோபத்தில் "இந்த வேலையே வேண்டாம்" என்று போனில் சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு, வேலை இன்னும் இருக்கிறது. இவ்வளவு தூரம் கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒரு காகிதத்தையும் மசியையும் நம்பியிருக்கும் இந்தச் சட்டத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆத்திரம் ஆறுவதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறதே!

இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் உண்டா என்றால், இல்லை. ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பத்துப் பேருக்கு மேல் வேலையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை வேலை செய்பவரை அரை ஆளாகவும், முப்பது மணி வரை செய்பவரை முக்கால் ஆளாகவும் எண்ணுவார்கள். ஆகவே நாலு பேர் வேலை செய்யும் டாக்டர் வீட்டுக் கிளினிக்கிலோ, சின்ன ஹோட்டலிலோ இருப்பவருக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. ஆனாலும் காகிதக் கடிதம், முன்னறிவிப்புக் காலம் ஆகிய இரண்டும் அங்கேயும் உண்டு. மூன்று வாரக் கெடுவும் உண்டு.

முன்னறிவிப்புக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பரீட்சார்த்த காலத்தில் இரண்டு வாரம். அது முடிந்தால் நாலு வாரம். அதுவும் மாதத்தின் 15-ந் தேதியிலோ கடைசித் தேதியிலோதான் முடிய வேண்டும். ஐந்து வருஷம் பார்த்தவருக்கு இரண்டு மாதம், பத்து வருஷத்துக்கு நாலு மாதம், இருபது வருஷத்துக்கு ஏழு மாதம் என்று ஏறிக் கொண்டே போகும். முன்னறிவிப்பே இல்லாமல் அனுப்ப வேண்டுமானால் பலமான காரணம் வேண்டும். காரணம் தெரிந்த இரண்டு வாரத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

பாதுகாப்பு உள்ள இடங்களில் மூன்று விதக் காரணங்களைத்தான் சட்டம் ஏற்கும்: ஊழியரின் நிலைமை, உதாரணமாகத் தீராத நோய், ஊழியரின் நடத்தை, அல்லது கம்பெனிக்கு வேலையே குறைந்து போவது. இந்த மூன்றாவதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வேலை குறைந்ததென்று பிடிக்காத ஆளைப் பார்த்து எடுத்துவிட முடியாது. ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களில் யாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ், என்ன வயசு, யார் தலையில் எத்தனை பேரைக் காப்பாற்றும் பொறுப்பு, யாருக்குக் கடுமையான அங்கக் குறை என்று சீர் தூக்கிப் பார்த்து, தாங்கக் கூடியவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மூன்று குழந்தைகளுக்குத் தாயாரானவர் என்பது அங்கே அநுதாபத்துக்குரிய செய்தி மட்டும் அல்ல. கோர்ட்டில் எடுபடும் வாதம்.

அதோடு, ஊழியர்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று கம்பெனியில் இருந்தால், ஒவ்வொரு வேலைநீக்கத்துக்கும் முன்னால் அந்தச் சபையின் அபிப்பிராயத்தைக் கேட்டே தீர வேண்டும். சபை வேண்டாமென்றாலும் முதலாளி அனுப்பலாம். ஆனால் கேட்காமல் அனுப்பினால் செல்லாது. இந்த ஒரு காரணத்தினாலேயே விழுந்து போன வேலைநீக்கங்கள் பல.

பெண்கள் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று. கர்ப்பமாக இருக்கும் காலத்திலும், பிரசவமாகி நாலு மாதம் வரையிலும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. சர்க்கார் அதிகாரியின் விசேஷ அநுமதி இருந்தாலொழிய நடக்காது. அந்த அநுமதி அபூர்வம். கம்பெனி சின்னதா பெரியதா, சேர்ந்து ஆறு மாதம் ஆயிற்றா இல்லையா என்பதெல்லாம் இதற்குக் குறுக்கே வராது. முதலாளிக்கு விஷயம் தெரியாமல் கடிதம் கொடுத்துவிட்டால், கடிதம் வந்த இரண்டு வாரத்துக்குள் "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்று தெரிவித்துவிட வேண்டும். இன்னும் யாரிடமும் சொல்லவில்லையே என்று கூச்சப்பட்டுக் கொண்டு அந்த இரண்டு வாரத்தை நழுவ விடுவது பெரிய நஷ்டம். பன்னிரண்டாவது வாரத்துக்குப் பிறகு கரு கலைந்து போன துர்ப்பாக்கியவதிக்கும் நாலு மாதப் பாதுகாப்பு உண்டு.

சரி, கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்டு என்றதும் நமக்கு வக்கீல் பீஸும் வாய்தாவும் நினைவுக்கு வந்து குலை நடுங்கும். அங்கே தொழில் கோர்ட்டு அவ்வளவு பயங்கரமல்ல. முதல் கோர்ட்டில் வக்கீல் கட்டாயம் இல்லை. கோர்ட்டிலேயே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். கடிதத்தை எடுத்துக் கொண்டு நேரே போனால் அவரே பிராதை எழுதிக் கொள்வார். ஆனால் ஆலோசனை சொல்வது அவர் வேலையல்ல. வக்கீல் வைத்துக் கொண்டால், ஜயித்தாலும் தோற்றாலும் முதல் கோர்ட்டில் அவரவர் வக்கீல் பீஸ் அவரவருக்கு. இது முதலாளிக்கு எதிராக வழக்குப் போடத் தைரியம் தருகிறது; ஆனால் சின்னத் தொகைக்கு வழக்காடுகிறவருக்கு ஜயித்த பணம் பீஸுக்கே போய்விடவும் கூடும். தொழிற்சங்கத்தில் அங்கத்தினராக இருந்தால் சங்கமே வாதாட ஆள் தரும். மாதாமாதம் சந்தா கட்டியது எதற்கு என்று முணுமுணுத்தவர்களுக்கு அன்றைக்கு விளங்கும்.

முதலில் நடப்பது விசாரணை அல்ல, ராஜிப் பேச்சு. நீதிபதி ஒருவர் மாத்திரம் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். பிராது கொடுத்த இரண்டு வாரத்துக்குள் இது நடக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் சில வாரங்கள் கூடுவதுண்டு. வழக்கின் பலம் எந்தப் பக்கம், பலவீனம் எந்தப் பக்கம் என்று நீதிபதியே ஜாடையாகச் சொல்லிவிடுவார். ஏராளமான வழக்குகள் இந்த அறையிலேயே முடிந்து விடுகின்றன. ராஜியானால் கோர்ட்டுக் கட்டணமும் இல்லை. இங்கே ராஜியாகாத வழக்குதான் விசாரணைக்குப் போகும். அங்கே நீதிபதியோடு, முதலாளிகள் தரப்பில் ஒருவர், ஊழியர்கள் தரப்பில் ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து உட்காருவார்கள்.

தொகை எவ்வளவு? வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் சொல்வது, ஒரு வருஷ சர்வீஸுக்கு அரை மாதச் சம்பளம். நாலாயிரம் யூரோ சம்பளத்தில் எட்டு வருஷம் இருந்தவருக்குப் பதினாறாயிரம். இது சட்டத்திலும் ஓர் இடத்தில் வருகிறது: கம்பெனிக்கு வேலை குறைந்ததென்று அனுப்பும்போது, "வழக்குப் போடாமல் கெடுவைத் தாண்ட விட்டால் நஷ்ட ஈடு உண்டு" என்று முதலாளி கடிதத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால், இந்தக் கணக்குப்படி தொகை சேரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு வருஷமாகக் கொள்வார்கள். கவனியுங்கள்: கடிதத்தில் அந்த வாசகம் இருக்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பிக் கெடுவைத் தாண்ட விடக் கூடாது.

மற்ற இடங்களில் வாய்ப்பாடு வெறும் ஆரம்ப விலைதான். முதலாளியின் வழக்குப் பலமாக இருந்தால் தொகை குறையும்; பலவீனமாக இருந்தால் ஏறும். இனி இருவரும் சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று கோர்ட்டே உறவை அறுத்து வைக்கும் வழக்குகளில், பன்னிரண்டு மாதச் சம்பளம் வரை கொடுக்கச் சொல்லலாம். ஐம்பது வயசும் பதினைந்து வருஷ சர்வீஸும் ஆனவருக்குப் பதினைந்து மாதம். ஐம்பத்தைந்து வயசும் இருபது வருஷமும் ஆனவருக்குப் பதினெட்டு மாதம் வரை.

பேரம் எப்படி ஏறும் என்பதற்கு ஒரு பலகார வழக்கு இருக்கிறது. தெற்கு ஜெர்மனியில் 'மௌல்டாஷன்' என்று ஒரு தின்பண்டம். மாவுக்குள் கறியும் கீரையும் வைத்து மடித்து வேக வைப்பது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்கள். கான்ஸ்டன்ஸ் நகரத்து முதியோர் விடுதியில் பதினேழு வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அம்மாள், மிச்சமாகிக் குப்பைக்குப் போக இருந்த ஆறு மௌல்டாஷனை எடுத்துக் கொண்டார் என்று 2009-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். முதல் கோர்ட்டில் அம்மாளுக்குத் தோல்வி. அப்பீலில் 2010 மார்ச்சில் ராஜியாயிற்று. நஷ்ட ஈடு 25,000 யூரோ, சம்பளப் பாக்கி 17,500 யூரோ, ஆக 42,500 யூரோ! எம்மெலிக்கு வேலை கிடைத்தது. இவருக்குப் பணம் கிடைத்தது. எது உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். அவமானப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போக எல்லாருக்கும் மனசு வராது.

பெரிய அபாயம் ஒன்று கோர்ட்டுக்கு வெளியே இருக்கிறது. மானேஜர் அறைக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, "நாம் சுமுகமாகப் பிரிந்து விடலாமே" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். வேலையை இரு தரப்பும் சம்மதித்து முடித்துக் கொள்வதாக எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால், மறுநாள் மனசு மாறிவிட்டது என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. அது மட்டுமல்ல, தக்க காரணம் இல்லாமல் தாமாகவே வேலையை விட்டவர் என்று கருதி, சர்க்கார் கொடுக்கும் வேலையில்லாக் கால உதவிப் பணத்தைப் பன்னிரண்டு வாரத்துக்கு நிறுத்தி வைப்பார்கள். அந்த உதவிப் பணம் சாமான்யமா? பிடித்தம் போக வந்த சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு. குழந்தை இருந்தால் அறுபத்தேழு. கோர்ட்டில் செய்து கொள்ளும் ராஜிக்குப் பொதுவாக இந்தத் தண்டனை இல்லை. ஆகவே அறையில் நீட்டும் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், படித்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு பேனாவை எடுக்கலாம். "இப்போதே போட்டால்தான் உண்டு" என்று அவசரப்படுத்தினால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவதே சரி.

கடிதம் வந்ததும் வேலை தேடித் தரும் சர்க்கார் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வேலை முடிய மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால், தெரிந்த மூன்று நாளைக்குள்! தவறினால் ஒரு வார உதவிப் பணம் போகும். 'ப்ளூ கார்டு' போன்ற உத்தியோக அநுமதியில் இருக்கும் நம் பிள்ளைகள், வேலை முன்கூட்டியே முடிகிறது என்பதை இரண்டு வாரத்துக்குள் அயல்நாட்டார் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கையில் வந்த நஷ்ட ஈட்டுக்கு வருமான வரி உண்டு. இன்ஷூரன்ஸ் பிடித்தங்கள் கிடையாது. ஒரே வருஷத்தில் பெருந்தொகை வந்ததால் வரி ஏறுவதைக் குறைக்க ஒரு சலுகை இருக்கிறது. 2025 முதல் கம்பெனி தானாக அதைக் கணக்கிடுவதில்லை. வருஷாந்தர வரிக் கணக்கில் நாமே கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, நற்சாட்சிப் பத்திரம். வேலையை விட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும், செய்த வேலையையும் நடந்து கொண்ட விதத்தையும் எழுதிக் கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். எதிர்காலத்துக்குக் குந்தகமாக எழுதக் கூடாது. பொய்யும் எழுதக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஜெர்மானியர்கள் ஒரு ரகசிய பாஷையையே வளர்த்திருக்கிறார்கள்! "எப்பொழுதும் எங்களுக்குப் பரிபூரண திருப்தியாக" என்றால் முதல் தரம். வெறுமனே "எங்களுக்குத் திருப்தியாக" என்றால் ஏதோ தேறினார் என்று அர்த்தம். "முயற்சி எடுத்துக் கொண்டார்" என்று எழுதியிருந்தால் ஆள் ஒன்றுக்கும் உதவவில்லை என்று பொருள். பெண் பார்க்கப் போய் வந்தவர்கள், "பெண் ரொம்ப அடக்கம்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்களே, அந்த மாதிரி. அர்த்தம் புரியாமல் பிள்ளை அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடப் போகிறான்! படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, சரியில்லையென்றால் திருத்தித் தரும்படி கேட்கலாம். மறுத்தால் இதற்கும் கோர்ட்டு உண்டு.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கோர்ட்டு உதவாது. பத்திரத்தின் அடியில், "இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி, மேலும் மேலும் நன்மை உண்டாகட்டும்" என்று ஒரு வரி எழுதுவது அங்கே சம்பிரதாயம். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனால் நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2012-ல் தலைமைக் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகவே கெட்டிக்கார வக்கீல்கள் ராஜிப் பத்திரம் எழுதும்போதே, தொகைக்குக் கீழே அந்த நன்றி வரியையும் ஒரு ஷரத்தாகச் சேர்த்து எழுதி வாங்கி விடுகிறார்கள்.